“மறுகா?” என்று கேட்டவள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வவுணதீவுப் பக்கத்தில் எங்கள் ஊர். வாவியைக் கடந்தால்தான் மட்டக்களப்பு நகரம். அங்கே ஒரு தொண்டு நிறுவனத்தில், போரால் பாதிக்கப்பட்ட சிறுபிள்ளைகளைப் பராமரிக்கும் வேலைக்கு ஒரேயொரு இடம் இருந்தது. அப்பா இல்லாத வீட்டில் மூத்தவள் நான். அந்த வேலை கிடைத்தால்தான் தம்பிமாரின் படிப்பு தொடரும்.

ஆகவே அந்த நேர்முகப் பரீட்சைக்கு நான் தயாரானதைப் போல் ஒருத்தரும் தயாராகியிருக்க மாட்டார்கள். பதில்களை மனப்பாடம் செய்து எங்கள் ஆடுகளுக்கு முன்னால் நின்று ஒப்புவித்தேன். ஆடுகள் குறுக்குக் கேள்வி கேட்காது என்பது ஒரு வசதி. பயந்துபோன பிள்ளையை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டால் சொல்வதற்கு, அன்பு, பொறுமை, அரவணைப்பு என்று மேடைப்பேச்சுப் போல ஒரு பதில் வைத்திருந்தேன். தோணியிலும் சோதனைச் சாவடியிலும் கசங்கிவிடும் என்று, நகரத்தில் தெரிந்தவர் வீட்டில் போய்த்தான் சேலையே உடுத்தேன்.

விறாந்தையில் காத்திருந்தபோது எனக்குப் பிறகு இன்னும் ஒருத்திதான் மிச்சம். காத்தான்குடி முஸ்லிம் பெண், முக்காடு போட்டிருந்தாள், என் வயதுதான் இருக்கும். அந்த நாட்களில் எங்கள் இரண்டு சமூகத்துக்கும் இடையில் நடக்கக் கூடாததெல்லாம் நடந்திருந்தது. நாங்கள் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. நடுவில் ஒரு கதிரை காலியாகக் கிடந்தது.

அப்போதுதான் ஷெல் விழத் தொடங்கியது. வாவிக்கு அந்தப் பக்கம், எங்கள் ஊர்த் திசையில். இருவரும் தரையில் படுத்தோம். அம்மாவும் தம்பிமாரும் அங்கே இருக்கிறார்கள். எனக்குக் கை கால் உதறியது, மூச்சு எடுக்க முடியவில்லை. படித்த பதில்களில் ஒரு சொல்கூட நினைவில் இல்லை.

அவள் தவழ்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“ஒங்கட வளவுல என்ன மரம் நிக்குது?”

இந்த நேரத்தில் வீட்டுத் தோட்டத்தைப் பற்றி இதென்ன கேள்வி என்று எரிச்சல்தான் வந்தது. மாமரம் என்றேன். “மறுகா?” என்றாள். எங்கள் பக்கத்தில் ‘பிறகு’ என்பதற்கு அப்படித்தான் சொல்வோம். முருங்கை என்றேன். மறுகா? கிணற்றடியில் வாழை. மறுகா? ஆடு கட்டுகிற பூவரசு. இப்படியே என்னை என் வளவு முழுக்கச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனாள். வேலிக் கிளுவை வரைக்கும் வந்தபோது மூச்சு சீராகியிருந்தது. என்னைப் பிடித்திருந்த அவளுடைய கையும் நடுங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

சத்தம் ஓய்ந்ததும் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். எதிர்பார்த்த அதே கேள்வி வந்தது. அன்பையும் பொறுமையையும் விட்டுவிட்டேன். அந்தப் பிள்ளையிடம் அதன் வளவில் நிற்கிற மரங்களைக் கேட்பேன் என்று சொன்னேன். நடுவில் இருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்தது. இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். தம்பிமாரின் முகம் ஒரு கணம் கண்ணுக்குள் வந்து போனது.

“இது எண்ட யோசனை இல்ல சேர். வெளிய இருக்கிற புள்ளதான் எனக்கு இப்பிடிச் செஞ்சது” என்றேன்.

வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. என்னைப் பெரிய தியாகி என்று நினைத்துவிடாதீர்கள், வீட்டுக்கு வந்து அழுது தீர்த்தேன். ஷெல் வயல் வட்டைக்குள் விழுந்திருந்ததால் அழுவதைப் பார்க்க வீட்டில் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். பிறகு எனக்கும் வேறொரு வேலை அமைந்தது, தம்பிமாரும் படித்தார்கள்.

என்னை வெறுக்க அவளுக்குக் காரணம் இருந்திருக்கலாம். நான் நடுங்கியபடியே உள்ளே போயிருந்தால் அவளுக்குத்தான் லாபம். அப்படியிருந்தும் தவழ்ந்து வந்தாளே என்பதை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. இடி இடித்தால் என் மகள் ஓடிவந்து கட்டிக்கொள்வாள். நம் வளவில் என்ன மரம் நிற்கிறது என்று கேட்பேன். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, “மறுகா?” என்று கேட்பது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம் வரும்.