ஸ்டெத் மச்சானும் நாலாவது தடவை வந்த காரும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இதை நானே ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பட்டறையில் வேலை பார்க்கும் ஏழு பேரும், எதிரில் இருக்கிற டீக்கடைக்காரரும் சொல்லிவிடப் போகிறார்கள். கார் பட்டறை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே தோள் விண்விண்ணென்று வலிக்கும். அன்றைக்கு யார் யார் வந்து என் பிராணனை வாங்கப் போகிறார்கள் என்று நினைத்தால், தூக்கிய ஷட்டரை அப்படியே இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் போலிருக்கும்.

இந்த இருபத்திரண்டு வருஷமும் என்னோடு இருப்பவர் என் மச்சான். என் மனைவியின் கூடப் பிறந்த அண்ணன், என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் பட்டறை ஆரம்பித்தபோது பஸ் பணிமனையில் நிரந்தர வேலையில் இருந்தார். அதை விட்டுவிட்டு வந்தது தங்கச்சி கேட்டாள் என்பதற்காக. என் மேல் பிரியம் பொங்கி வழிந்து இல்லை. நாங்கள் இரண்டு பேரும் 'நீங்க, வாங்க' என்ற மரியாதை ஒரு இம்மி குறையாமல்தான் சண்டை போடுவோம். சரியாகச் சொன்னால் சண்டை போடுவது நான் மட்டும்தான். அவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு நிற்பார்.

பட்டறையில் அவர் பெயர் ஸ்டெத். முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பார். அதன் நுனியை ஓடுகிற இன்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார், டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்க்கிற மாதிரி. அரை நிமிஷம் ஆகும். "மூணாவது சிலிண்டர், வால்வு தட்டுது" என்பார். பிரித்துப் பார்த்தால் அதுதான் இருக்கும். பெரிய கம்பெனி சர்வீஸ் சென்டரில் கைவிட்ட வண்டிகள்கூட இவர் காதுக்காக எங்களிடம் வந்தன. பட்டறை நிமிர்ந்தது அந்தக் காதால்தான். அதை நான் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வீட்டில் அவர் மனைவி தையல் வேலை செய்கிறாள். பெண்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்தாயிற்று. பிக்கல் பிடுங்கல் இல்லாத மனுஷன். ஆனால் கொஞ்ச நாளாக ஆளே மாறிப்போயிருந்தார். மதியம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கதையளக்கும்போது, இவர் மட்டும் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய், யாருமே உட்காராத காற்றடிக்கிற கம்ப்ரஸர் இரைச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். பெயிண்டர் ஏதாவது ஜோக்கடித்தால், மற்றவர்கள் சிரிக்க ஆரம்பித்த பிறகு இவரும் சிரிப்பார். மற்றவர்கள் கேட்டதற்குப் பாதி நேரம் பதில் வராது. வயசாக ஆகத் தலைக்கனம் ஏறுகிறது என்று நான் முடிவு கட்டினேன்.

அப்போதுதான் அந்த வெள்ளைக் கார் வந்தது. எங்களிடம் வழக்கமாக வருகிற, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற டீச்சரம்மாவுடைய கார். முன்னாலும் பின்னாலும் சிவப்பு எழுத்து ஒட்டிய சின்ன வண்டி. மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிகிறது, பெட்ரோல் தண்ணீராய்ச் செலவாகிறது, பின்னால் கறுப்புப் புகை. கோளாறைப் படித்துச் சொல்கிற ஸ்கேனரை மாட்டினால் ஆக்சிஜன் சென்சார் என்று காட்டியது.

அது ஒரு விரல் நீளச் சமாச்சாரம். புகை வெளியே போகிற குழாயில் திருகி வைத்திருப்பார்கள். எரிந்து வருகிற புகையில் காற்று மிச்சம் இருக்கிறதா என்று மோந்து பார்த்து வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அதன் உத்தியோகம். வண்டி நன்றாக இருந்தால் ஸ்கேனரில் அதன் அளவு பூஜ்யம் புள்ளி ஒன்றுக்கும் புள்ளி ஒன்பதுக்கும் நடுவே நிற்காமல் துள்ளிக்கொண்டிருக்கும். இதில் புள்ளி ஒன்றிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது. 'காற்று அதிகம், காற்று அதிகம்' என்று அது புலம்ப, கம்ப்யூட்டர் அதை நம்பி பெட்ரோலை மேலும் மேலும் ஊற்ற, வண்டி மூச்சு முட்டி நடுரோட்டில் நின்றது.

முதல் தடவை மச்சான் வயர் இணைப்பைச் சுத்தம் பண்ணி அனுப்பினார். விளக்கு அணைந்தது, இரண்டே நாளில் மறுபடி எரிந்தது. இரண்டாம் தடவை புதுச் சென்சார் போட்டார். நாலு நாள். மூன்றாம் தடவை வண்டியை ஒரு நாள் நிறுத்திவைத்து, காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே தானே ஸ்டார்ட் செய்து, ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டார். "சத்தமெல்லாம் சுத்தமா இருக்கு மாப்ளே, எங்கயும் லீக் இல்ல" என்றார். ஸ்டெத் சொன்னால் அப்பீல் உண்டா? சென்சார்தான் மட்டமான சரக்கு என்று இன்னொன்று போட்டோம். மூன்றாம் நாள் டீச்சரிடமிருந்து போன் வந்தது, மறுபடியும் விளக்கு எரிகிறது, ஞாயிறு கழிந்ததும் கொண்டுவருகிறேன் என்று.

போனை வைத்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. எல்லோரும் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"மச்சான், இதுதான் கடைசி. இந்த தடவையும் சரியாகலைன்னா நீங்க இனிமே இன்ஜின்ல கை வைக்க வேணாம். முன்னாடி கவுன்டர்ல உக்காருங்க. வர்றவங்ககிட்ட என்ன ஏதுன்னு கேளுங்க, போன் வந்தா எடுங்க. ஃபேன் காத்து இருக்கு, நாற்காலி இருக்கு. உங்க வயசுக்கு அது போதும்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. சாயங்காலம் கை கழுவுகிற இடத்தில் என்னிடம் மெதுவாக வந்தார்.

"கவுன்டர் மட்டும் வேணாம் மாப்ளே. வண்டி கழுவச் சொல்லுங்க, கழுவுறேன்."

"ஏன், கவுன்டர்ல உக்காந்தா கௌரவம் கொறஞ்சுடுமா?" என்றேன். அவர் நகங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் டீச்சர் வந்து இறங்கினார். சாவியை நீட்டும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"உங்க பட்டறைக்கும் என் வீட்டுக்கும் ஒரு மாசப் பாஸ் போட்டுக் குடுத்துடுங்க சார், தினம் வந்து போறேன். நேத்து ஒரு பொண்ணு, முதல் நாள் கிளாஸ். கிளட்சை விட்டதும் வண்டி நின்னுடுச்சு. தான்தான் தப்பு பண்ணிட்டோம்னு அழறா. 'நீ நல்லாத்தாம்மா ஓட்டுற, வண்டிக்குத்தான் உடம்பு சரியில்ல'ன்னா நம்பவே மாட்டேங்குறா. இனிமே வரமாட்டேன்னுட்டுப் போயிட்டா."

மச்சான் பக்கத்தில்தான் நின்றார். டீச்சரின் முகத்தையே பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கக்கூடாதா இந்த மனுஷன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். கம்ப்ரஸரை நிறுத்தியதும் பட்டறை அடங்கியது. மச்சான் டப்பாவைத் தொடவில்லை. காரை லிஃப்ட்டில் கொஞ்சம் ஏற்றி வைத்துவிட்டு ஸ்கேனரோடு நின்றார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உதவி செய்ய ஒன்றுமில்லை, காவல் காக்கத்தான்.

வண்டியை ஓடவிட்டு, காற்று உள்ளே போகிற வாயில் கொஞ்சம் கிளீனர் ஸ்ப்ரேயைப் பீய்ச்சினார். புள்ளி ஒன்றில் படுத்துக் கிடந்த அளவு குபீரென்று புள்ளி ஒன்பதுக்கு ஏறியது. கொஞ்ச நேரத்தில் பழையபடி இறங்கிப் படுத்துக்கொண்டது.

"பாத்தீங்களா? சென்சார் நல்லாத்தான் இருக்கு மாப்ளே. எரியறதுக்கு ஏதாவது குடுத்தா உடனே சொல்லுது. அது பொய் சொல்லல."

"அப்போ இத்தனை நாள் நாம கழட்டிப் போட்டதெல்லாம்?"

"அதுங்களும் உண்மையைத்தான் சொல்லியிருக்கும்."

அவர் வண்டியை அணைத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். கரி அப்பிக் கிடந்தது.

"உள்ள காத்து அதிகம்னா இது வெளுத்துப் போயிருக்கணும். கரியா இருக்கு. அப்போ உள்ள பெட்ரோல்தான் அதிகம். ஆனா சென்சார் இருக்கிற எடத்துல காத்து இருக்கு. எரிஞ்சு முடிச்சதுக்கு அப்புறம், சென்சாருக்கு முன்னாடி, குழாய்ல எங்கயோ வெளிக்காத்து பூந்துக்குது."

கண்ணெதிரே ஒரு கணக்கைப் போட்டு முடித்த மாதிரி இருந்தது. இப்படி யோசிக்கிற ஆளையா கவுன்டருக்குப் போகச் சொன்னேன் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. உடனே, இதை முதல் தடவையே யோசித்திருந்தால் என்ன என்றும் தோன்றியது.

புகைக்குழாயின் பின்வாயில் துணியைச் சுற்றி ஏர் குழாயைச் செருகினார். கம்ப்ரஸர் தொட்டியில் மிச்சமிருந்த காற்றைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டார். ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர், ஒரு பிரஷ். ஓட்டை இருக்கிற இடத்தில் நுரை கிளம்பும், பஞ்சர் பார்க்கிற அதே வித்தைதான். சென்சாரைச் சுற்றித் தடவினார். நுரை இல்லை. கீழ் இணைப்பில் தடவினார். அங்கேயும் இல்லை.

எனக்கோ நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே கேட்டது. ஸ்ஸ்ஸ் என்று, குக்கர் வெயிட் அடங்குகிற மாதிரி மெல்லிசான சத்தம். இன்ஜினோடு குழாய் சேர்கிற மேல் இணைப்பிலிருந்து வந்தது. மச்சானின் காது அதற்கு ஒரு சாண் பக்கத்தில் இருந்தது. அவர் அதைத் தாண்டிப் போய், இன்னும் கீழே ஒரு இடத்தில் பொறுமையாகப் பிரஷ்ஷால் தடவிக்கொண்டிருந்தார்.

முதலில், விளையாடுகிறாரா என்று நினைத்தேன். பிறகு ஒரு சந்தேகம் தட்டியது. பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அவர் பிடரிக்குப் பின்னால் கலகலவென்று ஆட்டினேன். அவர் திரும்பவில்லை. இன்னும் வேகமாக ஆட்டினேன். பிரஷ் நிற்கவில்லை.

"மச்சான், அங்க இல்ல. மேல" என்றேன்.

அது கேட்டது. சட்டென்று திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார், என் கையில் இருந்த சாவிக்கொத்தைப் பார்த்தார். மேல் இணைப்பில் பிரஷ்ஷை வைத்தார். நுரை கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது.

பிரித்தால், இணைப்பின் இடுக்கை அடைக்க உள்ளே வைத்திருந்த கேஸ்கெட் தகடு ஒரு ஓரமாகக் கருகி இற்றுப்போயிருந்தது. எட்டு மாதம் முன்னால் இதே வண்டிக்குக் கிளட்ச் மாற்றியபோது குழாயை இறக்கினோம். அப்போது புதுக் கேஸ்கெட் வேண்டும் என்று மச்சான் கேட்டார். வர இரண்டு நாளாகும், பழசையே போட்டு முறுக்குங்கள் என்று சொன்னது இந்தத் திருவாய்தான். அதை அவர் எனக்கு ஞாபகப்படுத்தவில்லை. எனக்கே ஞாபகம் வந்து தலையைக் குனிந்துகொண்டேன்.

இந்தத் தடவை கடையில் கையிருப்பு இருந்ததால், ஆட்கள் திரும்பி வருவதற்குள் புதுசு மாட்டியாகிவிட்டது. வண்டியை ஓடவிட்டார். ஸ்கேனரில் அளவு புள்ளி இரண்டு, புள்ளி எட்டு, புள்ளி மூன்று, புள்ளி ஒன்பது என்று துள்ள ஆரம்பித்தது. பத்து நிமிஷம் பார்த்தோம். ஓரிடத்திலும் ஒட்டவில்லை.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"டாக்டர்கிட்ட காட்டலியா?"

"காட்டினேன். காதுக்கு மெஷின் குடுத்தாங்க. பீரோவுல இருக்கு. இங்க போட்டா சுத்தியல் சத்தம் மண்டைக்குள்ள விழுது. போடாம இருந்தா பரவால்ல. இன்ஜின் தட்டுறது, முட்டுறதெல்லாம் எலும்பு வழியா வந்துடுது. இந்த ஸ்ஸ்ஸுங்கிறது மட்டும் போயிடுச்சு. போனது எனக்கே தெரியல மாப்ளே. லீக் இல்லன்னு உங்ககிட்ட சத்தியமா நம்பித்தான் சொன்னேன்."

"அதான் கவுன்டர் வேணாம்னீங்களா?"

"உள்ள நான் வண்டிகிட்ட இருக்கேன். யாருக்கும் தெரியாது. கவுன்டர்ல ஆளுங்க பேசுவாங்களே." கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "காலையில டீச்சர் என்ன சொன்னாங்க? ரொம்ப நேரம் பேசினாங்க. வாய் அசையறதுதான் தெரிஞ்சுது."

அழுதுகொண்டு போன பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. "அய்யோ பாவம்" என்றார், இரண்டு தடவை.

"நீங்க இன்ஜின்கிட்டயே இருங்க மச்சான்!" என்று வாயை அகலத் திறந்து கத்தினேன். "சோப்புத் தண்ணி வெச்சுப் பாருங்க, சத்தம் கேக்கணும்னா என்னைக் கூப்பிடுங்க!"

"ஏன் இப்படி கத்துறீங்க? மெல்லிசான குரல்தான் எனக்குப் பிடிபடல. பொம்பளைங்க குரல், குழந்தைங்க குரல். உங்க வீட்டுக்கு வந்தா என் தங்கச்சி வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அவ குரல் எப்படி இருக்கும்னு இப்பல்லாம் நெனச்சுத்தான் பாத்துக்கணும்."

"அப்போ நான் இத்தனை நாள் பேசினதெல்லாம்?" கேட்டிருக்காது என்று அவர் சொல்லிவிட வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

"உங்களுது கட்டைக் குரல் மாப்ளே. இந்தப் பட்டறையில ஒரு வார்த்தை விடாம எனக்குக் கேக்குறது உங்க குரல் ஒண்ணுதான்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சருக்கு வண்டி தயார் என்று சொல்ல போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். ரொம்ப நேரம் நம்பரை அழுத்தாமலே நின்றேன்.