இரண்டாவது வயர்

இந்த ஊரில் நல்ல சாமானை யாரும் குப்பைத் தொட்டிக்குள் போடுவதில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு தாளை ஒட்டி, 'ஜாவா' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். போலிஷ் மொழியில் 'வேலை செய்கிறது' என்று அர்த்தம். போலந்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு ஒரு நாற்காலியும் ஓர் இஸ்திரிப் பெட்டியும் அப்படித்தான் கிடைத்தன. பிறகு ஒரு நாள் இன்டர்நெட் ரவுட்டர் ஒன்று கிடந்தது. அடுத்தவர் வைத்துவிட்டுப் போனதை எடுப்பது இங்கே கேவலம் இல்லை. ஆனாலும் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, ஜாக்கெட்டுக்குள் மறைத்துத்தான் மாடிக்குக் கொண்டுவந்தேன்.

சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரம் என் ஊர். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. யாரும் நிறுத்தவில்லை, நானாகத்தான் போகாமல் விட்டேன். பட்டாசு லோடு ஏற்றினேன், திருப்பூரில் துணி மடித்தேன், கொச்சியில் புரோட்டா மாவு பிசைந்தேன், மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்குக்கு ஏணி பிடித்தேன். எந்த ஊரிலும் மூன்று வருஷத்துக்கு மேல் கால் தரிக்கவில்லை. இப்போது இங்கே சரக்கு அடுக்கிவைக்கிற ஒரு கிட்டங்கியில் பெட்டி தூக்குகிறேன். நெட்வொர்க் வேலைக்கு ஒரு சான்றிதழ் தேர்வு இருக்கிறது, அதை எழுத எந்தப் பள்ளிக்கூடத்துத் தாளும் கேட்கமாட்டார்கள் என்று கூட வேலை பார்த்த நேபாளி ஒருவர் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

பாட வீடியோ பார்த்தால் மட்டும் போதாது, வீட்டிலேயே ஒரு லேப் வேண்டும் என்றார்கள். ஏதோ கம்பெனி கழித்துப்போட்ட ஸ்விட்சுகள் இரண்டை வாங்கினேன். விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை இது. பல கம்ப்யூட்டர்களின் வயர்களை ஒரே இடத்தில் சொருகி, ஒன்றோடொன்று பேசவைக்கிற பெட்டி. செருப்பு வைக்கிற அலமாரியைக் காலி பண்ணி, ரவுட்டரையும் இரண்டு ஸ்விட்சுகளையும் அடுக்கினேன். வயருக்குள் எட்டு நிறத்தில் எட்டு நரம்பு. அதை வரிசை மாறாமல், நுனியில் மாட்டுகிற பிளாஸ்டிக் தலைக்குள் நுழைத்து நசுக்க வேண்டும். சின்ன வயசில் வெடிக்குத் திரி வைத்த விரல் என்பதால் முதல் தடவையே சரியாக வந்தது. பாடம்தான் வரவில்லை. புரியாத பாடங்களை விரலால் ஓட்டிவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

ஸ்விட்சுக்குள் இருக்கும் காற்றாடி, மிக்ஸி ஓடுவதுபோல் இரையும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு பானி ஹெலெனா கதவைத் தட்டினார். 'பானி' என்றால் அம்மா என்பதுபோல ஒரு மரியாதை. சத்தத்துக்குத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று, கதவைத் திறந்ததும் மூன்று முறை "ப்ஷெப்ரஷாம்" என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்கு மேலே, அலமாரியில் மினுங்கிய பச்சை விளக்குகளைப் பார்த்தார்.

"பான் இன்ஃபோர்மாட்டிக்?" என்றார். நீங்கள் கம்ப்யூட்டர் நிபுணரா என்று கேள்வி.

இல்லை, படிக்கிறேன் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு போலிஷ் தெரியாது. "தக்" என்றேன். ஆமாம். அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. அதை என்னிடம் யாரும் அதுவரை காட்டியதில்லை. அன்றைக்கு அக்காவுக்குப் போன் பேசும்போது, அதே பொய் தமிழில் சுலபமாக வந்தது. "கம்ப்யூட்டர் செக்சனுக்கு மாத்திட்டாகக்கா" என்றேன். இதற்கு மொழி தெரியவில்லை என்ற சாக்கும் கிடையாது.

அக்கா செல்வி சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்சில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள். சாமி படத்துக்குக் கீழே ஜவுளிக்கடை பேரும் நகைக்கடை பேரும் வருகிறதே, அதையெல்லாம் அவள்தான் அமைப்பாள். வேனில் ஏறி பட்டாசுக் கம்பெனிக்குப் போகாமல், பஸ்சில் உட்கார்ந்து பிரஸ்சுக்குப் போகிற முதல் ஆள் எங்கள் வீட்டில் அவள்தான்.

போன வருஷம் காலண்டர் சீசன் உச்சத்தில், ஒரு நாள் காலை வீடியோ காலில் வந்தாள். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் உள்ளே அச்சடிக்க பிளேட் எடுக்கிற மிஷினுக்கும் நடுவே நெட்வொர்க் அத்துப்போயிருந்தது. போனை முதலாளி வாங்கினார்.

"தம்பி, சாப்பிட்டீகளா? அங்கன இப்ப ராத்திரியா?"

"காலைலதான் மொதலாளி."

"அக்கா சொல்லுச்சு, பெரிய இஞ்சினியராம்ல நீங்க. இங்கன ரிப்பேருக்கு உள்ள ஆளு சீசன்ல போனையே எடுக்க மாட்டேங்கான். லாரி வேற நிக்கி. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

தெரியாது என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. சொல்லவில்லை. அக்கா போனைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு அறைகளில் இரண்டு சின்ன ஸ்விட்ச், நடுவில் நைந்துபோன ஒரே வயர். அதைப் பார்த்ததும் என் புத்தி நெட்வொர்க்குக்குப் போகவில்லை, நாரணாபுரத்துக்குப் போனது. எங்கள் அம்மா பட்டாசுக்கு வெடிமருந்து செலுத்திய அறைக்கு எதிரெதிராக இரண்டு வாசல். ஒரு வாசல் அடைபட்டால் இன்னொன்று வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒரு நாள் முன்வாசல் பக்கம் தீப்பிடித்தபோது அம்மா பின்வாசல் வழியாக வந்ததால்தான், கையில் தழும்போடு இன்றைக்கும் இருக்கிறாள். ஒற்றை வாசல் உள்ள எதைப் பார்த்தாலும் எங்கள் ஆட்களுக்கு நெஞ்சு அடிக்கும்.

"அந்த வயரக் கழத்தாதக்கா. அது பாட்டுக்கு இருக்கட்டும். பக்கத்துலயே இன்னொரு வயர் போடு. ஒண்ணு போனா ஒண்ணு இருக்கும்."

போட்டாள். உடனே மிஷின் ஓடியது. "வெளிநாட்டு மூளை வெளிநாட்டு மூளைதான்" என்றார் முதலாளி. அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் இருக்கிறது. நான் வேலைக்குப் போனேன். கிட்டங்கி வாசலில் போனை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். எட்டு மணி நேரம் கழித்து எடுத்தபோது, திரை முழுக்க அக்காவின் அழைப்புகள்.

நடந்தது இதுதான். யாரோ மேஜையை நகர்த்தியதில் பழைய வயருக்கும் உயிர் வந்துவிட்டது. இரண்டு வழியும் திறந்திருந்தால், அனுப்பிய சேதி ஒரு வழியாகப் போய் மறு வழியாகத் திரும்பி, நிற்காமல் சுற்றும். கொஞ்ச நேரத்தில் மொத்த நெட்வொர்க்கும் மூச்சு முட்டி நின்றுவிடும். என் அலமாரியில் உள்ள பெரிய ஸ்விட்சுகள் இதைத் தாமே கண்டுபிடித்து ஒரு வழியை அடைத்துவிடும். அதனால்தான் வீட்டில் நான் இரண்டு வயர் போட்டபோது எதுவும் ஆகவில்லை. பிரஸ்சில் இருந்தவை மலிவான பெட்டிகள், அந்த அறிவு அவற்றுக்குக் கிடையாது. இது அத்தனையும் நான் விரலால் ஓட்டிவிட்ட பாடத்தில் இருந்தது.

சாயங்காலம் அந்த ஊர் ரிப்பேர் ஆள் வந்து, ஒரு வயரைப் பிடுங்கினார். அவ்வளவுதான் வேலை. அதற்குள் லாரி போய்விட்டது, ஆர்டரும் போய்விட்டது. இரண்டாவது வயரை யார் போடச் சொன்னது என்று அவர் கேட்டபோது, முதலாளி என் பேரை எடுப்பதற்குள் அக்கா சொல்லியிருக்கிறாள்: "அவென் சரியாத்தான் சொன்னான். நாந்தான் மாத்திச் சொருகிட்டேன்." மறுநாள் அவளைக் கம்ப்யூட்டரில் இருந்து எழுப்பி, காலண்டருக்குத் தகரப் பட்டை அடிக்கிற செக்சனில் போட்டுவிட்டார்கள்.

ஒரு வாரம் எனக்கு அவளைக் கூப்பிடத் தைரியம் வரவில்லை. பிறகு கூப்பிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். நான் இஞ்சினியர் இல்லை, பெட்டி தூக்குகிறேன் என்றேன்.

"தெரியும்லே" என்றாள். "வீடியோல உன் பின்னால ஒரு சட்டை தொங்குச்சு. ரோடு போடுறவுக மாதிரி மினுங்குற பட்டை. இஞ்சினியருக்கு எதுக்குலே அது?"

"தெரிஞ்சுக்கிட்டா மொதலாளிகிட்ட என்னய இஞ்சினியர்னு சொன்ன?"

"மிசினெல்லாம் வாங்கி வச்சிருக்கேன்னு காட்டுனேல்ல. அம்புட்டுத் தூரம் போனவன் இதக்கூடவா படிச்சிருக்க மாட்டான்னு நெனச்சேன்." பிறகு அவளே சொன்னாள்: "மொதலாளிகிட்ட நீ ஒண்ணும் பேச வேண்டாம். பேசுனா நான் சொன்னதும் பொய்யாயிரும்."

வெளியே வந்தால் மனுஷன் வளர்ந்துவிடுவான் என்று ஊரில் நம்புகிறார்கள். நாமும் அதை மறுப்பதில்லை. அந்த நம்பிக்கைக்கு அங்கே யார் உடம்பு நோகிறது என்று, என்னைப்போல் வெளியே கிடக்கிறவர்கள் ஒரு முறை விசாரித்துப் பார்க்கலாம். இப்போது பாடங்களை ஓட்டாமல் பார்க்கிறேன். ஒரே பாடத்தை நாலு நாள் பார்க்கிறேன். தேர்வுக்குத் தேதி இன்னும் வாங்கவில்லை.

நேற்றுக் காலை கிட்டங்கி பஸ்சுக்கு நிற்கும்போது அக்காவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. "வேலை இருக்குலே, வச்சிரு" என்று சொல்லி, அழைப்பைத் துண்டிக்காமலே போனை எங்கோ மல்லாக்க வைத்துவிட்டாள். எனக்கு ஒரு மின்விசிறியும் அழுக்கான கூரையும் தெரிந்தன. தகரம் அடிக்கிற சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண்குரல், "ஏளா செல்வி, ஒந்தம்பி அங்கன இஞ்சினியராம்ல?" என்றது.

நாலைந்து தகரம் அடிபட்டது.

"ஆமாக்கா" என்றாள்.

பஸ் வந்து கதவைத் திறந்தது. பனியில் என் மூச்சுக்காற்று பட்டுத் திரை மங்கியது. கையுறையால் துடைத்தேன், விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. டிரைவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு, அழைப்பைத் துண்டிக்காமல் நின்றேன்.