அக்கா ஓடவிட்டுப் போன மெஷின்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இன்றைய திதிக்காக மழையிலும் மலையேறி வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

அக்கா பிறந்தது பிரிஞ்சாங் ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில். அம்மா நோயில் படுத்தபோது பள்ளியை விட்டவர் அவர்தாம். நான் படித்தது அவர் சம்பாத்தியத்தில். தானா ராத்தா ஹோட்டல் ஒன்றின் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேதான் சாக்லேட் செய்யக் கற்றுக்கொண்டார். திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டிய அத்தானை மணந்த பிறகு, வீட்டுப் பின்கட்டிலேயே சொந்தமாகத் தொழில் தொடங்கினார்.

ரவூப் பக்கத்திலிருந்து அத்தான் கொக்கோ கொட்டை ஏற்றி வருவார். அக்கா அதைக் குவாலிச் சட்டியில் வறுத்து, முறத்தில் தோல் நீக்கி, தோசைமாவு அரைக்கும் மெஷினில் போட்டு இரண்டு நாள் விடாமல் ஓடவிடுவார். இந்தக் குளிரில் சாக்லேட் மெஷினுக்குள்ளேயே இறுகிவிடும். அதனால் சூடேறும்வரை ஹேர் டிரையரை அதன்மேல் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"என்னாலா, மெஷினுக்குத் தலை காய வைக்கிறியா?" என்று சின்னம்மா கேலி செய்வார்.

அதே சின்னம்மா ஒரு தீபாவளிக்கு, உதவி செய்வதாக நினைத்து, அந்த மெஷினிலேயே வடைக்கு உளுந்து அரைத்துவிட்டார். உள்ளே தங்கிய ஈரத்தில் அடுத்துப் போட்ட சாக்லேட் முழுவதும் மண்ணாகத் திரிந்துபோனது. அக்கா ஒரு சொல் சொல்லவில்லை. நானாக இருந்தால் தீபாவளியையே நிறுத்தியிருப்பேன்.

கியா பார்ம் கடைகளில் அக்காவின் தேயிலைச் சாக்லேட்டுக்கென்றே ஆள் வந்தார்கள். ஆனாலும் புதிதாக எது வார்த்தாலும் முதல் தட்டு லயத்துப் பிள்ளைகளுக்குத்தான்.

சென்ற ஆண்டு ஒரு காலையில் கொட்டையை மெஷினில் போட்ட சிறிது நேரத்தில் அக்காவுக்கு மூச்சுத் திணறியது. ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதும், "மெஷின நிப்பாட்டிறாதீங்க, வந்து பாத்துக்கறேன்" என்றுதான் அத்தானிடம் சொன்னார். மறுநாள் அவரை உயிரில்லாமல் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினோம். பின்கட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் நிறுத்தச் சொன்னார்கள். அத்தான் விடவில்லை. சுடுகாடு போய்த் திரும்பிக் குளித்த பிறகு தாமே நிறுத்தினார். குளிரில் எல்லாம் கல்லாக இறுகியது. அதன்மேல் ஒரு துணியைப் போர்த்தினார். பிறகு யாரையும் தொடவிடவில்லை.

திதிப் படையலில் இறந்தவருக்குப் பிடித்ததை வைப்பது நம் வழக்கம். அக்காவுக்கு அவர் கையால் அரைத்ததையே வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

"உருக்கிட்டா தீந்துரும்லா," என்றார் அத்தான்.

"அப்ப எத்தன வருசத்துக்கு மூடியே வைக்கப் போறீங்க, அத்தான்?"

போன வாரம் அத்தானே ஹேர் டிரையரை எடுத்து வந்து பிடித்துக்கொண்டு நின்றார். உருகியதும் வீடெங்கும் அக்காவின் வாசனை. ஓராண்டாக நான் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அழுகையாக வந்தது.

ஈப்போவுக்கு வண்டி ஓட்டிய பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், பதினாறு நாளும் சமைத்துப் போட்ட லயத்துப் பெண்களுக்கும், உருகியதை அச்சுகளில் வார்த்துத் தந்த அக்காவின் ஹோட்டல் தோழியருக்கும் எங்கள் நன்றி. சின்னம்மாவுக்குத் தனியாக நன்றி. இம்முறை அவர் மெஷினைத் தொடவே இல்லை.

இந்த நினைவு மலரோடு ஆளுக்கொரு துண்டு சாக்லேட் தந்திருக்கிறோம். மேலே வெள்ளை பூத்திருந்தால் அது எங்கள் கைப்பழக்கக் குறை. கசக்கும், துப்பிவிடாதீர்கள். அக்கா முதல் நாள் கொட்டையை மட்டும் அரைப்பார். சீனி போடுவது மறுநாள்தான். நான் இப்போது கலக்கட்டுமா என்று கேட்டதற்கு அத்தான் வேண்டாம் என்றுவிட்டார். அதை அக்கா வந்து போடுவதாக இருந்தது.

அன்புடன்,
தங்கை