பச்சையாக நின்ற ஒரே சவுக்கு

புயலுக்குப் பிறகு எங்கள் உவரிக் கரையில் ஊரே சேர்ந்து சவுக்குக் கன்று நட்டது. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களைத் தகட்டில் எழுதி, ஆளுக்கொரு கன்றில் கட்டினார்கள். என் வீட்டுக்காரர் பெயரும் இருந்தது.

"ஒடம்பே கிடைக்கல. அதுக்குள்ள மரம் நடுதீங்களாக்கும்" என்று சண்டை போட்டு, தகட்டைப் பிய்த்து எறிந்தேன். மாமியார் என் பக்கம்தான் நின்றார். "எம் மவன் வருவாம்ட்டி" என்று தினமும் ராத்திரி மகனுக்குச் சோறு எடுத்து வைக்கச் சொன்னவரும் அவர்தான்.

நட்டதோடு சரி, யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. கோடையில் கன்றுகள் கருகிப்போயின. என் வீட்டுக்காரர் பெயரில் நட்டது மட்டும் பச்சையாக நிற்கிறது என்றார்கள். பிடுங்கிப் போட்டுவிடும் ஆத்திரத்தில் போனேன்.

மாமியார் குடத்தைச் சாய்த்து அதற்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் எறிந்த தகடு மறுபடியும் அதில் கட்டியிருந்தது.

"என்ன மாமி செய்யுதீங்க?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "அவன் வருவாம்னு ஒனக்காவத்தான் சொன்னேம்ட்டி."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அத்தனை நாளும் நான் எழுந்து நடமாடினேன்.

அன்று ராத்திரி நான் சோறு எடுத்து வைக்கவில்லை. ஏன் என்று மாமியார் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வைத்திருப்பேன்.