டிப்டி இன்ஸ்பெக்டருக்குப் போட்ட படுக்கை

பள்ளிகளைப் பார்வையிடச் செல்லும் அதிகாரி, பள்ளியை நடத்துபவரின் வீட்டில் உண்ணவோ உறங்கவோ கூடாது. அவர் பயணியர் பங்களாவில் தங்க வேண்டும். பங்களா இல்லாவிட்டால் சத்திரத்தில். சத்திரமும் இல்லாவிட்டால் ‘தகுந்த பிற இடத்தில்’. விதி அவ்வளவுதான். முப்பது வருஷம் கல்வி இலாகாவின் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன்: சர்க்கார் விதிகளில் ‘தகுந்த பிற’ என்ற இரண்டு சொற்கள் மனிதர்களுக்கு உதவிய அளவுக்கு வேறெதுவும் உதவியதில்லை. அவை எனக்கு உதவியபோது எனக்கு வயது ஒன்பது. உதவியது விதி என்று அப்போது தெரியாது. தலையணை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் வாடிப்பட்டியிலிருந்து மூன்று மைல் தள்ளி, வாய்க்கால் பாசனத்து வயல்களுக்கு நடுவே இருந்தது. அப்பா அங்கே ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். மேனேஜர் அவரே, ஆசிரியர் அவரே, மணி அடிக்கும் சேவகரும் அவரே. எங்கள் வீட்டுக்கு எதிர்ப்புறம் ஒரு கீற்றுக்கொட்டகை, வாசலில் வேப்பமரம், மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு, இவை சேர்ந்ததுதான் பள்ளிக்கூடம். நான்காம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும்.

ஐந்தாம் வகுப்பு தொடங்க அனுமதி கேட்டு அப்பா மூன்று முறை விண்ணப்பம் போட்டார். முதலாவது, இடப்பக்கம் ஓரம் விடவில்லை என்று திரும்பி வந்தது. இரண்டாவதில் ஓரம் தாராளமாக இருந்தது, நகல் இல்லை. மூன்றாவதில் ஓரமும் நகலும் இருந்ததால் வேறு வழியின்றிப் பதில் எழுதினார்கள்: அதிகாரி நேரில் வருவார், அன்று மணி அடித்து ஆஜர் எடுக்கும்போது நான்காம் வகுப்பில் பத்துப் பிள்ளைகளாவது இருக்க வேண்டும். வகுப்பில் இருந்ததே பதினொரு பேர். அதில் ஒருத்தி நான்.

அம்மா தன் தீர்ப்பை முன்பே எழுதிவிட்டாள். “ஆம்பளப் பிள்ளைக வாடிப்பட்டிக்கு நடந்து போகும். இவ எங்க போறது? நாலு படிச்சது போதும். அடுத்த நடவுக்கு என்கூட வரட்டும்.” ஆகவே ஐந்தாம் வகுப்பு வந்தால் நான் பள்ளிக்கூடம் போவேன். வராவிட்டால் நாற்று முடியைத் தூக்கிக்கொண்டு அம்மா பின்னால் போவேன்.

மாசி மாதத்தில் ஒரு நாள் உச்சிவெயிலில் சைக்கிளில் ஒரு பியூன் வந்தார். “பங்களாவுல ஓடு பிரிச்சுப் போட்டிருக்கு. டிப்டி இன்ஸ்பெக்டர் ஐயா இங்கதான் ராத்தங்கல். பொழுது சாய வந்திருவாரு. காலையில தணிக்கை.” தண்ணீர் குடித்தார், போய்விட்டார்.

எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வராமலில்லை. ஆனால் அவர்கள் பாயை விரித்து, கையை மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்குகிற விருந்தாளிகள். கட்டில் மெத்தை விருந்தாளியை நாங்கள் கண்டதில்லை. நல்லவேளையாக என் தாய்மாமன் அப்போது வீட்டில் இருந்தார். அவர் பசுமலையில் ஒரு விடுதிச் சமையல்கட்டில் எட்டு மாதம் வேலை பார்த்தவர். அதனால் பெரிய மனிதர்கள் எப்படித் தூங்குவார்கள் என்பதில் எங்கள் ஊருக்கு அவரே அத்தாட்சி.

“மச்சான், நீங்க ரெஜிஸ்தரைப் பாருங்க. படுக்கைய எங்கிட்ட விடுங்க” என்றார் அப்பாவிடம். “மொதல்ல மூட்டைப்பூச்சி. ஐயாவுக்கு ஒரு கடி விழுந்தாலும் நம்ம அஞ்சாப்பு போச்சு.”

கயிற்றுக் கட்டிலை வெயிலில் சாய்த்து, மூட்டுக்கு மூட்டு கொதிக்கிற தண்ணீரை ஊற்றினோம். ஊரில் ஒரே ஒரு மெத்தை இருந்தது. என் அத்தை கல்யாணச் சீராகக் கொண்டுவந்து, ஒருநாளும் விரிக்காமல் பரண்மேல் வைத்திருந்த இலவம்பஞ்சு மெத்தை. “படுத்தா பஞ்சு நசுங்கிரும்” என்பது அத்தையின் கொள்கை. மாமா எப்படியோ பேசி அதை வாங்கி வந்தார். பஞ்சு ஆங்காங்கே கட்டிதட்டிப்போய், மெத்தை மூட்டைகளை அடுக்கிய வண்டி மாதிரி இருந்தது. புளிய விளாரால் நானும் மாமாவும் இரண்டு பக்கமும் நின்று அடித்தோம். பிறகு கட்டிலில் போட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்க்க மாமா படுத்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா வந்து முகத்தில் தண்ணீர் தெளித்தபிறகுதான் எழுந்தார்.

“ஏண்டா தம்பி, ஒன்னைய மெத்தைய சோதிக்கச் சொன்னா, குறட்டைய சோதிக்கிற?”

“அக்கா, மெத்தை பாஸு” என்றார் மாமா.

மேல்விரிப்புக்கு அம்மா தன் பெட்டியைத் திறந்தாள். கல்யாணத்துக்கு மதுரையில் எடுத்த சுங்குடிச் சேலை, அரக்கில் வெள்ளைப் புள்ளிகள். திருவிழாவுக்குக்கூட அதை உடுத்த மாட்டாள். அதை உதறி மெத்தைமேல் விரித்து, நான்கு ஓரமும் அடியில் செருகினாள். நாலு படித்தது போதும் என்று சொன்னவள் இதைச் செய்வானேன் என்று எனக்குத் தோன்றவில்லை. விருந்தாளிக்கு என்று நினைத்தேன்.

தலையணை என் பொறுப்பு. எனக்குச் சளி பிடித்தால் அம்மா நொச்சி இலையைத் துணியில் கட்டித் தலைக்கு வைப்பாள், அடித்துப்போட்டாற்போலத் தூங்குவேன். எனக்கு ஒரு கைப்பிடி என்றால் டிப்டி இன்ஸ்பெக்டருக்கு எவ்வளவு? வாய்க்கால் கரையில் இருந்த நொச்சியில் பாதியை ஒடித்து வந்து, பஞ்சோடு சேர்த்துத் திணித்து, வாயைத் தைத்தேன். வீடே கமகமத்தது.

அவர் பொழுது சாயும்போது மாட்டுவண்டியில் வந்தார். ஒல்லியான மனிதர், வட்டக் கண்ணாடி. சாப்பாடு தூக்கில் கொண்டுவந்திருந்தார். படுக்கையைப் பார்த்து நின்றார். தலையணையை அழுத்திப் பார்த்தார். இரண்டு முறை தும்மினார்.

“ரெட்டைத் தும்மல். நல்ல சகுனம்” என்று மாமா என் காதில் சொன்னார்.

“வாத்தியாரே, படுக்கை ரொம்ப நல்லா இருக்கு” என்றார் அதிகாரி. “ஆனா உங்க வீட்டுல நான் படுக்கக் கூடாது. விதி.”

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. அத்தையின் மெத்தை, அம்மாவின் சேலை, என் நொச்சி எல்லாம் கட்டில்மேல் அனாதையாகக் கிடந்தன. அதிகாரி திரும்பித் தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.

“அந்தக் கொட்டகை யாரோடது?”

“அதாங்க ஐயா பள்ளிக்கூடம்.”

“உங்க வீடு இல்லையே?”

“இல்லைங்க.”

“அப்பத் தூக்குங்க கட்டிலை.”

இப்படித்தான் எங்கள் பள்ளிக்கூடம், கரும்பலகைக்கு நேர் எதிரே ஒரு சுங்குடி விரித்த கட்டிலோடு, தகுந்த பிற இடமாயிற்று.

மறுநாள் காலை வெந்நீர்ச் செம்பும் வேப்பங்குச்சியும் எடுத்துக்கொண்டு நான் போனேன். அதிகாரி ஒருக்களித்துப் படுத்து, கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்தார். வாசலில் அவர் செருப்பில் ஈரச் சேறும் ஒன்றிரண்டு வைக்கோல் துணுக்கும் ஒட்டியிருந்தன. விருந்தாளி செருப்பு அழுக்காக இருக்கலாமா என்று பாவாடை ஓரத்தால் துடைத்து வைத்தேன். கண்ணாடி விஷயத்தை மாமாவிடம் கேட்டேன். “படிச்சவுக கனவைக்கூட கண்ணாடி போட்டுத்தான் பாப்பாக, தாயி” என்றார்.

அதற்குள் அப்பாவுக்குச் செய்தி வந்துவிட்டது. கிழக்கு வயலில் விடியும்போதே அறுவடை தொடங்கிவிட்டது. முதல்நாள் இரவுதான் பண்ணையார் முடிவு செய்தாராம். தெருவே அங்கே போய்விட்டது. பெரியவர்கள் அறுக்க, பிள்ளைகள் கதிர் பொறுக்கவும் எலிவளை தோண்டி நெல் எடுக்கவும். நான்காம் வகுப்பில் மீந்தது இரண்டு பேர். காலில் கட்டியோடு ஆசாரி மகன், பிறகு நான்.

மணி ஒன்பது. அப்பா தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சுத்தியலோடு நின்றார். அடித்தால் அதிகாரி விழிப்பார், விழித்தால் எண்ணுவார், எண்ணினால் இரண்டு. அடிக்காவிட்டால் பள்ளி நேரத்துக்குத் தொடங்கவில்லை என்ற குற்றம். கை உயர்வதும் தாழ்வதுமாக இருந்தது.

அம்மா தெருவைக் கடந்து வந்து சுத்தியலைப் பிடுங்கினாள். “தூங்குற விருந்தாளிய எழுப்புவாகளா? என்ன வாத்தியாரு நீங்க!” சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வயலைப் பார்த்து நடந்தாள். “வாடா தம்பி” என்று மாமாவையும் கூப்பிட்டாள்.

விருந்தாளியின் தூக்கத்துக்கு நான் காவல். பனையோலை விசிறியால் ஈ ஓட்டினேன். காக்கையை விரட்டினேன். ஒரு வெள்ளாடு உள்ளே வந்து, அவர் காதருகே நின்று ஒரு கத்துக் கத்தியது. அவர் அசையவில்லை. அந்த நிமிஷம் என் தலையணைமீது எனக்கு உண்டான பெருமை, பின்னால் எந்தப் பதவி உயர்விலும் வரவில்லை.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். முழங்கால் வரை சேறு, மடியில் நெல். ஒருவன் எட்டிப் பார்த்து, “ஏ புள்ள, செத்துட்டாரா?” என்று கிசுகிசுத்தான்.

“தூங்குறாருடா. நொச்சி.”

“எம்புட்டு வச்ச?”

“ஒரு மரம்.”

அவன் மரியாதையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதாமவன் வந்தபின் வெகுநேரம் யாரும் வரவில்லை. கடைசியாக மாமா, எலிவளைக்குள் கைவிட்டபடி வர மறுத்த ஒருத்தனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார். நான் விரலை மடக்கி, “பத்து” என்றேன். மெல்லத்தான் சொன்னேன்.

அதிகாரி எழுந்து உட்கார்ந்தார்.

“மணி அடிச்சாச்சா, வாத்தியாரே?”

“இல்லைங்க ஐயா… ஐயா அசந்து தூங்கிட்டிருந்தீங்க…”

“அப்ப பள்ளிக்கூடம் இன்னும் தொடங்கலே. அடிங்க.”

அப்பா அடித்த அடியில் வேப்பமரத்துப் பறவைகள் எல்லாம் பறந்தன. அதிகாரி ஆஜர் எடுத்தார். பத்து. வாய்பாடு கேட்டார், என்னை வாசிக்கச் சொன்னார். ஒருவர் காலையும் அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வயல் முழுவதும் வகுப்புக்கு வந்திருப்பது தெரிந்திருக்கும்.

வண்டி ஏறுமுன், “தலையணை யார் தைச்சது?” என்று கேட்டார். மாமா என்னை முன்னால் தள்ளினார். அதிகாரியின் கண்கள் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. நன்றாகத் தூங்கிய கண் என்று எடுத்துக்கொண்டேன். “நல்ல வேலை” என்றார், ஒரு தும்மல் போட்டுவிட்டு.

அம்மா இருட்டியபிறகுதான் வீட்டுக்கு வந்தாள். ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும், “பிள்ளைய அனுப்பு, அது பொறுக்க வேண்டியதை நான் பொறுக்கித் தாரேன்” என்று சொல்லியிருக்கிறாள். எட்டுப் பிள்ளைகளின் கதிரையும் ஒருத்தியே பொறுக்கி முடிக்க அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. நான் அவளிடம் என் தலையணையின் மகிமையைச் சொன்னேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “அப்படியா” என்று கேட்டுக்கொண்டாள்.

பள்ளி திறக்குமுன் அனுமதி வந்தது. ஐந்தாவது படித்தேன்; பிறகு பசுமலையில் விடுதியில் தங்கிப் படித்தேன்; பிறகு கல்வி அலுவலகத்தில் குமாஸ்தாவானேன். அத்தனை வருஷமும் எந்த விருந்தாளி வந்தாலும் நொச்சித் தலையணையோடு அந்தக் கதையையும் கொடுத்தேன். வேலையில் சேர்ந்து விதிப் புத்தகத்தைப் படித்தபோதுதான், மணி அடிக்காதவரை, வந்து சேராத பிள்ளை ‘வராத பிள்ளை’ ஆகாது என்று கண்டேன். செருப்பில் இருந்த வைக்கோல் நினைவுக்கு வந்தது. பிறகு கண்ணாடி.

ஓய்வு பெற்றிருந்த அந்த அதிகாரிக்கு, பொருள், பார்வை எல்லாம் போட்டு, இடப்பக்கம் ஓரம் விட்டு ஒரு கடிதம் எழுதினேன். கேள்வி ஒன்றுதான்: ஐயா அன்று உண்மையில் தூங்கினீர்களா? கடிதம் மூன்று ஊர் முகவரி மாறி அலைந்தது. பதில் ஓர் அஞ்சலட்டையில் வந்தது.

‘நொச்சி எனக்குச் சிறுவயது முதலே ஆகாது. அன்று இரவு ஒரு கண் மூடவில்லை. விடிகிற நேரம் காலாற நடந்தபோது தங்கள் நான்காம் வகுப்பை வயலில் சந்தித்தேன். திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். கண்ணாடியைக் கழற்ற மறந்தது என் பிழை. மெத்தை நன்றாக இருந்தது.’

ஊருக்குப் போய் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அந்த ஆட்டுக்குக்கூடவா முழிக்கல, பாவி மனுசன்!” என்று சொல்லிச் சிரித்தாள். அட்டையில் நான் ஏற்கெனவே, சர்க்கார் கடிதம் அல்லவென்று தெரிந்தும், ‘பெறப்பட்டது’ முத்திரையைக் குத்தியிருந்தேன். ஆகஸ்டு மாதம் இருபத்தொன்றாம் தேதி, முற்பகல் தபால்.