ஓட்டில்லாத ஊரில் ஓர் அரசியல்வாதி

நேற்றுக் காலையில் ஷார்ஜாவில் எங்கள் கார்கோ அலுவலகத்தில் தொலைபேசி அடித்தபோது சரக்குத் தாள்களை டைப் செய்துகொண்டிருந்தேன். ஜார்ஜியாவிலிருந்து ஓதாரின் மனைவி மரினா பேசினார். பனி விழுந்த மலைப்பாதையில், தன் மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்கு நடந்து போன ஓதார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துவிட்டாராம். கிராமம் போய்ச் சேரவில்லை. "அங்கே எல்லோரிடமும் சொல்" என்றார். எங்கள் மேலாளர் காசிம் பாயிடம் சொன்னேன். கீழக்கரைக்காரர், எதற்கும் கேலி பேசுகிறவர். கையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, "அந்த மனுசன் ஒரு இடத்துல உக்காந்திருந்தா இன்னும் இருந்திருப்பாரு புள்ள" என்றார்.

எங்கள் கிடங்குக்கு வந்துபோகும் உங்களில் பலருக்கு ஓதார் கைகொடுத்திருப்பார். அவர் கதை எல்லோருக்கும் தெரிந்திராது. சாலைப் பொறியாளராகத் தொடங்கி, மாவட்ட மன்றத்துக்குத் தேர்வாகி, பிறகு அதன் தலைவரானவர். சோவியத் நாடு உடைந்த குழப்பத்தில் துப்பாக்கியோடு வந்தவர்கள் அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். மனைவியோடு ஷார்ஜாவுக்கு வந்து, ஊர்க்காரர்களுக்கு டிவியும் ஃப்ரிட்ஜும் வாங்கி எங்கள் கார்கோ மூலம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

நாற்காலி போட்டால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பெட்டிகளை எடை போடுவதற்குள் கிடங்கு முழுக்கச் சுற்றி, பெஷாவர் லோடரிலிருந்து மலையாளி டிரைவர் வரை எல்லோரிடமும் கேட்பார்: "உன் ஊரில் பாலம் இருக்கிறதா? யார் கட்டியது?"

"சார், இங்க எவனுக்கும் ஓட்டு கிடையாது. யாருகிட்ட ஓட்டுக் கேட்டு அலையுறீங்க?" என்றார் காசிம் பாய். அதை நான் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொன்னேன். ஓதார் சிரித்தார். "தேர்தல் மாஃபி, கிடையாது. ஆனால் அரசியல்வாதி இருக்கிறேனே!"

ஒரு கோடை மதியம் வெயில் தாங்காமல் லோடர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். மேஸ்திரி கத்தினார், அவர்களும் கத்தினார்கள். ஓதார் இரண்டு பக்கத்துக்கும் தண்ணீர் கொண்டுபோனார். "கோபக்காரனுக்கு முதலில் தண்ணீர், பிறகு பேச்சு" என்பார். பேசி முடித்தபோது, வெயில் தாழ்ந்த பிறகு ஏற்றுவது என்று முடிவாகியிருந்தது. இன்றும் அப்படித்தான் ஏற்றுகிறோம்.

அவருடைய ஊரில் தேர்தல் அறிவித்ததும் மனிதர் நிலைகொள்ளவில்லை. டிக்கெட் போடச் சொல்வார். மறுநாள் ரத்து செய்யச் சொல்வார். மலையேறக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். மரினா எங்கள் அலுவலகத்திலேயே அழுதார். "ஆற்றுப் பாலம் உடைந்து கிடக்கிறது. அக்கரைக்காரர்கள் எப்படி இறங்கி வருவார்கள்? நான்தான் ஏற வேண்டும்" என்று ஓதார் அறையின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக நடந்தார்.

புறப்படுமுன் ஷார்ஜாவின் ரோலா பகுதியில் விருந்து வைத்தார். அவர்கள் நாட்டு விருந்தில் ஒவ்வொருவரும் கோப்பையைக் கையில் ஏந்திப் பேச வேண்டும். பேசி முடிக்காமல் கீழே வைக்கக் கூடாது என்பது ஓதாரின் கட்டளை. ஒயினுக்குப் பதில் பால் சேர்க்காத சுலைமானி டீ. எல்லோரும் "ஜெயிச்சுட்டு வாங்க சார்" என்றார்கள். என் முறை வந்தது. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். ஆனால் நாலு பேர் முன்னால் வாய் வராது. "போகாதீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோப்பையை வைத்துவிட்டேன். மரினா என் கையைப் பற்றினார்.

"பாதியில் வைத்துவிட்டாய்" என்றார் ஓதார். "மீதியைத் திரும்பி வந்து கேட்கிறேன்."

போனார், ஜெயித்தார். புதுப் பாலம் பாதி எழும்பி நிற்கிறதாம். அதற்குள் பனி வந்துவிட்டது. அக்கரைக்குச் சுற்றுப்பாதையில் நடந்தே ஏறியிருக்கிறார்.

நேற்று மாலை கிடங்கில் கூடினோம். யாரும் நாற்காலி கேட்கவில்லை. காசிம் பாய் சுலைமானி ஊற்றி, முதல் கோப்பையை என்னிடம் நீட்டினார். "நீ பேசு புள்ள. ஒன் பாக்கிதான் கெடக்கு."

போகாதீர்கள் என்றுதான் இப்போதும் சொல்வேன் என்றேன். அவர் இப்போதும் போயிருப்பார் என்றும் சொன்னேன். பிறகு அந்தத் தண்ணீரைப் பற்றி, பாலங்களைப் பற்றி, இங்கே எழுதியதையெல்லாம் சொன்னேன். அவர் என்னிடம் விட்டுப்போனது அந்த மீதிப் பேச்சுதான். கண்ணாடிக் கோப்பை விரலைச் சுட்டது. முடிக்கும்வரை கீழே வைக்கவில்லை.