சுவாமிக்கு முன்னால் ஓடிய விரல்கள்

ஆக்லாந்தின் மனுரேவா ஸ்டேஷனில் ரயிலேறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, றெஜினா அக்கா காலமானார் என்ற செய்தி போனில் வந்தது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அன்று என்ன வேலை ஓடியிருக்கும்!

அக்கா மன்னாரில் பிறந்தவர். ஆக்லாந்தில் மென்பொருள் எழுதும் வேலை பார்த்தார். அவரை அறியாதவர்களுக்கு, எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் தமிழ்ப் பூசையில் அவர் செய்ததைச் சொன்னால் போதும். அங்கு வரும் செபஸ்தியான் அண்ணைக்கு, போர்க்காலத்தில் ஊரில் ஷெல் வெடித்ததில் காது போனது. பங்குக் குருவான சுவாமியின் பிரசங்கத்தைக் கேட்டு எல்லோரும் சிரித்து முடித்தபின், பக்கத்தில் இருப்பவர் எழுதிக் காட்ட, அவர் தனியாகச் சிரிப்பார். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. தன் லாப்டாப்பைக் கோயிலின் புரொஜெக்டர் திரையோடு இணைத்து, சுவாமி பேசப் பேச டைப் செய்யத் தொடங்கினார்.

முதலில் சுவாமியின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அக்கா சளைக்கிற ஆளா? வேலையில் பழகிய, மௌஸே தேவைப்படாத எடிட்டர் மென்பொருளைக் கொண்டுவந்தார். சுவாமி வாராவாரம் சொல்லும் வசனங்கள் ஒவ்வொன்றையும் ஓர் எழுத்தின் பேரில் சேமித்துவைத்தார். டைப் செய்துகொண்டிருக்கும்போதே கன்ட்ரோல் கீயையும் ‘R’ கீயையும் சேர்த்து அழுத்துவார், பிறகு அந்த எழுத்து. முழு வசனமும் திரையில் வந்து விழும்.

“மௌஸைத் தேடிப் போனா, சுவாமி மோட்சத்துக்கே போய்ச் சேர்ந்திடுவார்” என்று சொல்லிச் சிரிப்பார்.

ஒரு ஞாயிறு, சுவாமி மூச்சு வாங்கிய இடைவெளியில் அக்கா முந்திக்கொண்டார். “இன்னும் ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன்” என்று திரையில் வந்துவிட்டது. அடுத்த நொடி சுவாமி அதையே அட்சரம் பிசகாமல் சொன்னார். சுவாமியின் வாயசைவைப் பார்த்து, செபஸ்தியான் அண்ணை வெடித்துச் சிரித்தார். அதன்பிறகுதான் மண்டபமே சிரித்தது.

சுவாமி திரும்பித் திரையைப் பார்த்தார். “றெஜினா, நான் என்ன சொல்லப்போறன் எண்டு எனக்கே தெரியேல்லை, உமக்குத் தெரியுதோ?”

அக்கா அதையும் டைப் செய்து, கீழே “ஓம் சுவாமி” என்று சேர்த்தார்.

அன்று அண்ணைதான் எல்லோருக்கும் முன்னதாகச் சிரித்தார். அது எங்கள் அக்கா செய்த வேலை என்று எங்கேயும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

அக்காவின் அடக்கப் பூசையில் அவருடைய கீபோர்டின் முன்னால் நான் உட்கார்ந்தேன். சேமித்த வசனங்கள் எல்லாம் இருந்தன; சுவாமியின் வாயில்தான் அவற்றில் ஒன்றுகூட வரவில்லை. அக்காவுக்கென்றே எல்லாம் புதிதாகப் பேசினார். என் விரல்கள் தடுமாறின.

செபஸ்தியான் அண்ணை எழுந்து வந்தார். தன் குரல் தனக்கே கேட்காததால் சபையில் பேச மாட்டார். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். சுவாமி பிரசங்கத்தை நிறுத்தினார். காது கேட்கிற நாங்கள் அத்தனை பேரும் திரையைப் பார்த்தபடி அவருக்காகக் காத்திருந்தோம்.

“அக்கா, உங்களாலதான் நான் எல்லாரோடையும் சேர்ந்து சிரிச்சனான். போயிட்டு வாங்கோ.”